அரை மில்லிமீட்டர்

புறக்கோட்டையில் ஹில்மியின் கடை.
கல்குலேட்டர், ரிமோட், பழைய சார்ஜர்க் குவியலுக்குள்
குப்புறக் கிடந்தது சோவியத் காலத்து லென்ஸ்.
கையில் எடுத்தால் பாதித் தேங்காயின் கனம்.
"உள்ளே பூஞ்சணம் ஓடியிருக்கே?"
"கொழும்புல எதுக்குள்ள இல்ல, மிஸ்?"
எட்டாயிரம் என்றவன் ஆறரைக்கு இறங்கினான்.
அடப்டர் வளையம் தனி, எழுநூற்றைம்பது,
பில் கிடையாது.

கொட்டாஞ்சேனை அறையில் பொருத்தியதும்
என் புதுக் கமரா திரையில் எழுதியது:
லென்ஸ் பொருத்தப்படவில்லை.
இதோ இருக்கிறதே என்று அதனிடம் எப்படிச் சொல்ல?
தொடுமுனை இல்லை, சில்லு இல்லை,
தன் பெயரைச் சொல்லத் தெரியாத கண்ணாடி.
மெனுவின் ஆறாம் பக்கத்தில் ஒரு வரி கிடைத்தது:
லென்ஸ் இல்லாமலும் படமெடுக்க அனுமதி.
ஆம் என்றேன்.
பொலிஸ் பதிவு, வாடகை ஒப்பந்தம், கிராம சேவகர் கடிதம் என்று
இந்நகரில் நான் நிரப்பிய படிவம் எதிலும்
இப்படியொரு கட்டம் இருந்ததில்லை.

பிறகு விரல்தான் எல்லாம்.
வளையம் பழைய கிரீசில் சோம்பலாகத் திரும்பும்;
கூர்மை வந்த இடத்தில்
திரையில் சிவப்புக் கோடு எறும்பாய் ஊரும்.
வாளியின் விளிம்பில் ஊர்ந்தது.
பல்லியின் முதுகில்.
கொடியில் காயும் என் சட்டையின் மூன்றாவது பொத்தானில்.
பூஞ்சணம் எங்கும் தெரியவில்லை,
வெயிலை நேரே பார்த்தால் மட்டும்
படம் முழுக்கப் பால் சிந்தினாற்போல.

மாலையில் முகத்துவாரம்.
அலைதடுப்புக் கல்லில் ஏறி
முடிவிலி வரை திருகினேன்.
வளையம் முட்டி நின்றது. கடல் தெளியவில்லை.
துறைமுகம் அழைக்கட்டும் என்று நங்கூரமிட்டுக் கிடந்தவற்றில்
ஒன்றுகூடக் கப்பலாகவில்லை.
அடப்டர் அரை மில்லிமீட்டர் தடிப்பு.
கணக்குப் பார்த்தேன்:
ஏழு மீட்டருக்கு அப்பால்
இந்தக் கண்ணுக்கு எட்டாது.

"அந்தக் கப்பலோட என்னை ஒரு படம் எடுங்க."
ஜெசிந்தா. மீன் வாடியில் கணக்கு எழுதுபவள்.
"மூணாவது. டெரன்ஸ் அதுலதான். ஆறு நாளா
உள்ள வர விடுறாங்க இல்ல."
எடுத்தேன்.
காதோர மயிர், உப்பு ஒட்டிய இமை,
சங்கிலியில் தேய்ந்த சிலுவை,
எல்லாம் எண்ணிவிடலாம்.
பின்னால் கப்பலுக்குப் பதில்
அப்போதுதான் ஏற்றிய விளக்குகள் வட்டம் வட்டமாக,
ஓரத்தில் எலுமிச்சை போல நசுங்கி.
"கப்பல் எங்க?"
தொட்டுக் காட்டினேன்.
அவள் சிரிக்கவில்லை. அனுப்பச் சொன்னாள்.
நாலு கிலோமீட்டர்; சிக்னல் எட்டியது.
வந்த பதிலை எனக்கே வாசித்துக் காட்டினாள்:
"இதுல எந்த வெளிச்சம் நான்?"

படத்தின் விபரங்களில்
குவியத் தூரம் பூச்சியம், துவாரம் பூச்சியம்.
தேதி மட்டும் சரி.

அடுத்த கிழமை பஞ்சிகாவத்தை.
பிரேக் டிரம் கடையும் லேத்தில்
சுமணபால பாஸ் வளையத்தைப் பூட்டி,
மைக்ரோமீட்டரை மூக்குக்கருகே பிடித்து,
ஒரு சீவல். பார்த்துவிட்டு இன்னொரு சீவல்.
வெள்ளித் தூளை வாயால் ஊதிவிட்டு நீட்டினார்.
இருநூறு ரூபாய்.

இப்போது முடிவிலி எட்டுகிறது.
அதே கல், அதே நேரம், மூன்றாவது கப்பல்:
சிவப்பு அடிவயிறு, நான்கு பாரந்தூக்கி,
புகைபோக்கியில் மஞ்சள் பட்டை,
எல்லாம் நூல் பிடித்தாற்போல.
பெரிதாக்கி ஜெசிந்தாவிடம் காட்டினேன்.
கொஞ்ச நேரம் பார்த்தாள்.
"இது வேற கப்பல், மிஸ்.
அவருட கப்பல் வெள்ளிக்கிழமையே போயிட்டுது,
உள்ள வராமலே."